வெவ்வேறு இடங்களில் உள்ள கணினிகளை விபிஎன் வழியாக ஒரே லேப்டாப்பில் பேக்கப் எடுப்பது எப்படி?

#1 நூல்கண்டு

மூன்று இடங்களில் மூன்று கணினிகள். இரண்டில் விண்டோஸ் 11, ஒன்றில் உபுண்டு. மொத்தம் 420 ஜிபி, அதில் ஒரு விண்டோஸ் கணினி மட்டுமே 250 ஜிபி. ஆவணங்கள், படங்கள், உபுண்டுவில் ஓடும் ஒரு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம். தினமும் இரவில் இவை எல்லாம் ஒரு லேப்டாப்புக்கு வந்து சேர வேண்டும். லேப்டாப்பில் உபுண்டு 24.04, யூஎஸ்பியில் 2 டிபி ஹார்ட் டிஸ்க். கிளவுட் வேண்டாம் என்பது முடிவான விஷயம்.

தெரிய வேண்டியவை: மாதச் சந்தா கட்டும் விபிஎன் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அது போதுமா? லேப்டாப் இருக்கும் இணைப்பின் ஐபி அடிக்கடி மாறுகிறது, என்ன செய்வது? லேப்டாப் போய்ப் பேக்கப்பை எடுத்துவர வேண்டுமா, இல்லை கணினிகள் தாமே அனுப்ப வேண்டுமா?

#2 கம்பித்தடம்

சந்தா விபிஎன் இதற்கு உதவாது. அது உங்கள் கணினியிலிருந்து அந்த நிறுவனத்தின் சர்வர் வரை ஒரு குழாய் போட்டு, அங்கிருந்து பொது இணையத்தில் விட்டுவிடுகிறது. மூன்று கணினிகளிலும் அதையே போட்டாலும் அவை பொதுவாக ஒன்றையொன்று பார்க்காது. உங்களுக்கு வேண்டியது நான்கு கருவிகளும் ஒரே தனி வலையில் இருப்பது. அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் போதும். லினக்ஸ் கெர்னலில் 5.6 பதிப்பிலிருந்தே (2020) உள்ளது, விண்டோஸுக்கும் இருக்கிறது.

ஆனால் முதலில் ஒன்றைப் பாருங்கள். லேப்டாப் இருக்கும் இடத்தின் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, வான் ஐபி (இணையத்தை நோக்கிய முகவரி) என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, உங்கள் ஐபி என்ன என்று சொல்லும் ஏதாவது ஓர் இணையதளத்தில் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது: ரவுட்டரில் யூடிபி 51820 போர்ட்டை லேப்டாப்புக்குத் திருப்பிவிட்டு, மாறும் ஐபியைப் பின்தொடரும் ஒரு டைனமிக் டிஎன்எஸ் பெயர் வைத்தால் முடிந்தது. வேறாக இருந்து, ரவுட்டர் காட்டுவது 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால், நீங்கள் சிஜி-நேட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. அங்கே போர்ட் திருப்புவது வீண் வேலை, வெளியிலிருந்து வரும் பாக்கெட் உங்கள் ரவுட்டர் வரை வரவே வராது.

டைனமிக் டிஎன்எஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. வயர்கார்டு அந்தப் பெயரைத் தொடங்கும்போது ஒருமுறைதான் ஐபியாக மாற்றிக்கொள்கிறது. நடுவில் ஐபி மாறினால் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். லினக்ஸில் இதைச் சரிசெய்ய வயர்கார்டு கருவிகளோடு ஒரு சிறு ஸ்கிரிப்ட் வருகிறது, அதை டைமரில் போட வேண்டும். விண்டோஸில் பேக்கப் தொடங்கும் முன் டனலை (விபிஎன் குழாயை) ஒருமுறை நிறுத்தித் தொடங்கினாலே போதும்.

#3 நூல்கண்டு

பார்த்தேன். ரவுட்டரில் 100.71 என்று தொடங்குகிறது. சிஜி-நேட் தான்.

#4 கம்பித்தடம்

அப்படியானால் இரண்டு வழி.

ஒன்று, டெயில்ஸ்கேல். உள்ளே ஓடுவது வயர்கார்டுதான், இரு பக்கமும் நேட் (பல கருவிகள் ஒரே ஐபிக்குப் பின்னால் இருப்பது) இருந்தாலும் நேரடிப் பாதையை அதுவே தேடிக்கொள்ளும். கிடைக்காவிட்டால் ரிலே (இடைச் சர்வர்) வழியாகப் போகும். இணைந்த பிறகு ஸ்டேட்டஸ் கட்டளையில் நேரடி என்கிறதா, ரிலே என்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ரிலே என்றால் நூற்றுக்கணக்கான ஜிபியை அதில் தள்ள நினைக்க வேண்டாம், வேகம் இருக்காது. இன்னொன்று: ஒவ்வொரு கருவியின் சாவியும் இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். யாரும் உட்காராத கணினியில் அது ஓர் இரவு சத்தமில்லாமல் அறுந்துவிடும். இந்த நான்குக்கும் நிர்வாகப் பக்கத்தில் காலாவதியை அணைத்துவிடுங்கள்.

இரண்டு, பொது ஐபி உள்ள ஒரு சின்ன விபிஎஸ்ஸை (வாடகை மெய்நிகர் சர்வரை) நடுவில் வைத்து, நான்கும் அதனோடு வயர்கார்டில் இணைவது. விபிஎஸ்ஸில் ஐபி ஃபார்வர்டிங்கை (வரும் பாக்கெட்டை அடுத்த கருவிக்குக் கடத்துவதை) இயக்க வேண்டும். தரவு அங்கே வந்து திரும்பிப் போவதால் டிராஃபிக் இருமுறை கணக்காகும். மேலும் குழாய் விபிஎஸ்ஸில் முடிந்து மறுபடி தொடங்குகிறது, அதாவது அந்த இடத்தில் பாக்கெட் திறந்த நிலையில் இருக்கும். பேக்கப் மென்பொருளே குறியாக்கம் செய்தால்தான் இது ஏற்கத்தக்கது.

முகவரி வரம்புக்கு 192.168.0, 192.168.1 இரண்டையும் தொடாதீர்கள். பெரும்பாலான ரவுட்டர்கள் அதில்தான் வருகின்றன. இரு பக்கமும் 192.168.1 என்றால், லேப்டாப்பைத் தேடும் பாக்கெட் பக்கத்து பிரிண்டரிடம் போய் நிற்கும். 10.77.31.0/24 போல யாரும் எடுக்காத ஒன்றை வையுங்கள்.

வயர்கார்டு கான்ஃபிக்கின் அலவுட் ஐபிஸ் வரியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அது ரவுட்டிங் அட்டவணையும், உள்ளே யார் வரலாம் என்ற பட்டியலும் சேர்ந்தது. விபிஎஸ்ஸில் ஒவ்வொரு பியருக்கும் (இணையும் கருவிக்கும்) அதனதன் ஒற்றை முகவரி, /32. கணினிகளில் விபிஎஸ் என்ற பியருக்கு 10.77.31.0/24. விபிஎஸ்ஸில் இரண்டு பியருக்கு ஒரே வரம்பைக் கொடுத்தால் கடைசியாகக் கொடுத்தவருக்கே அது போய்ச் சேரும், முதலாமவர் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் ஊமையாகிவிடுவார். கணினிகளில் 0.0.0.0/0 என்று போட்டால் அவற்றின் முழு இணையப் பயன்பாடும் விபிஎஸ் வழியே ஓடும். அதுவும் வேண்டாம்.

நேட்டுக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றிலும், லேப்டாப் உட்பட, பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் (தடத்தை உயிரோடு வைக்கும் சிறு பாக்கெட்) 25 வினாடி. பல ரவுட்டர்கள் அரை நிமிடம் அசைவில்லாத யூடிபி தடத்தை மறந்துவிடும்.

#5 வெள்ளிமீன்

வலை சரியாகிவிட்டால் மீதி எளிது. லேப்டாப்பில் சாம்பா ஷேர் (வலையில் பகிரும் ஃபோல்டர்) ஒன்றைத் திறந்து, விண்டோஸ் கணினிகளில் அதை ஒரு டிரைவாக மேப் செய்துவிடலாம். உபுண்டுவிலிருந்து ஆர்சிங்க் (மாறியதை மட்டும் நகலெடுக்கும் கருவி). எல்லாம் குழாய்க்குள் போவதால் பாதுகாப்பாகவும் இருக்கும்.

#6 ஆலமரத்தடி

வெள்ளிமீன் அண்ணா, இதுல நான் உடன்படல. குழாய் பாதுகாப்பா இருக்கு, சரி. அந்தக் குழாயோட ஒரு முனை அந்த விண்டோஸ் கணினிதானே? அதுல ரான்சம்வேர் (கோப்புகளப் பூட்டிட்டுப் பணம் கேட்கற நச்சு நிரல்) புகுந்தா மேப் பண்ணின டிரைவ் அதுக்கு இன்னொரு ஃபோல்டர் மாதிரி. மூலத்தையும் பூட்டும், பேக்கப்பையும் பூட்டும். விபிஎன் அதுக்கு வழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும். ஆர்சிங்க்ல டெலீட் ஆப்ஷன் போட்டாலும் அதே கதைதான், அங்க அழிஞ்சது இங்கயும் அன்னிக்கு ராத்திரியே அழியும். சிங்க்திங் போடலாம்னு யாராவது சொல்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்: அதுவும் ஒத்திசைவுதான், பேக்கப் இல்ல.

நூல்கண்டு கேட்ட மூணாவது கேள்விதான் இதுல முக்கியமானது. யார் அனுப்பறாங்க, யார் எடுக்கறாங்கங்கறத விட, பழைய பிரதிய அழிக்கற அதிகாரம் யார் கையில இருக்குங்கறதுதான் கேள்வி. அது பேக்கப் ஆகிற கணினி கையில இருக்கவே கூடாது.

என் பரிந்துரை: மூணு கணினியிலயும் ரெஸ்டிக்ங்கற பேக்கப் மென்பொருள். லேப்டாப்புல அதை வாங்கி வைக்கிற ரெஸ்ட்-சர்வர், அதை அப்பெண்ட்-ஒன்லி நிலையில ஓட்டணும். கணினிகள் புதுசா சேர்க்கலாம், படிக்கலாம், இருக்கறத அழிக்க முடியாது. பழச கழிக்கிற வேலைய லேப்டாப்புல உட்கார்ந்து நீங்களே பண்ணுங்க. ரெஸ்டிக் அனுப்பறதுக்கு முன்னாடியே குறியாக்கம் பண்ணிடும், அதனால நடுவுல விபிஎஸ் இருந்தாலும் அது பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

#7 வெள்ளிமீன்

ரான்சம்வேர் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், மேப் டிரைவ் யோசனையை விட்டுவிடலாம். ஆனால் அதற்கு இன்னொரு தீர்வும் உண்டு: லேப்டாப்பே எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) வழியாகப் போய் எடுத்துவருவது. அப்போது கணினிகளுக்கு லேப்டாப்பில் எந்த உரிமையும் கிடையாது. ஆர்சிங்கில் லிங்க்-டெஸ்ட் போட்டால் மாறாத கோப்புகளுக்கு ஹார்ட்லிங்க் (அதே தரவுக்கு இன்னொரு பெயர்) மட்டும் உண்டாகி, ஒவ்வொரு நாளும் ஒரு முழு ஃபோல்டராகத் தெரியும். மீட்க எந்த மென்பொருளும் வேண்டாம், ஃபோல்டரைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். பல ஆண்டு கழித்து யாரோ ஒருவர் மீட்க நேர்ந்தாலும் அவருக்கு இது புரியும்.

#8 ஆலமரத்தடி

உபுண்டு கணினிக்கு அது நல்ல வழிதான். ரெண்டு விஷயம் மட்டும் யோசிக்கணும். ஒண்ணு, அப்போ லேப்டாப்புல மூணு கணினியோட சாவியும் இருக்கும். லேப்டாப் திருடு போறது மத்ததவிட சுலபம். அந்த எஸ்எஸ்எச் சாவிய ஆர்ஆர்சிங்க் (ஆர்சிங்க மட்டும் அனுமதிக்கற) ஸ்கிரிப்டோட கட்டி, படிக்க மட்டும்னு பூட்டி வைக்கணும், இல்லன்னா அந்த ஒரு சாவி எல்லா வீட்டுக் கதவையும் திறக்கும். டிஸ்க்கையும் லக்ஸ் போட்டுக் குறியாக்கம் பண்ணணும், ஏன்னா ஃபோல்டர் திறந்து கிடக்குது.

ரெண்டாவது, விண்டோஸ்ல திறந்திருக்கற ஃபைல். அவுட்லுக்கோட பிஎஸ்டி (மின்னஞ்சல்) ஃபைல வெளியிலிருந்து ஆர்சிங்க் தொட்டா பூட்டியிருக்குன்னு விட்டுட்டுப் போயிடும். ரெஸ்டிக் அங்கேயே ஓடறதால யூஸ்-எஃப்எஸ்-ஸ்நாப்ஷாட் ஆப்ஷன் போட்டா விண்டோஸோட விஎஸ்எஸ் நிழல் பிரதியிலிருந்து படிக்கும். நிர்வாகி உரிமையோட ஓட்டணும்.

மைஎஸ்க்யூஎல்லுக்கு எந்த முறையா இருந்தாலும் தரவு ஃபோல்டர அப்படியே நகல் எடுக்காதீங்க, ஓடிக்கிட்டிருக்கும்போது எடுத்தது மீட்கறப்ப எழுந்திருக்குமான்னு உத்தரவாதம் கிடையாது. இன்னோடிபி டேபிள்னா சிங்கிள்-டிரான்சாக்ஷன் ஆப்ஷனோட டம்ப் (தரவுத்தளத்த உரைக் கோப்பா எழுதின பிரதி) எடுத்து, அந்த டம்ப பேக்கப் பண்ணுங்க. அத ஜிசிப் பண்ணாம விடுங்க. சுருக்கின கோப்புல ஒரு வரி மாறினாலும் அதுக்குப் பின்னாடி எல்லாமே மாறிடும், ரெஸ்டிக் தினமும் முழுசையும் புதுசுன்னு நினைச்சு அனுப்பும். ரெஸ்டிக்கே 0.14 பதிப்பிலிருந்து சுருக்குது, நீங்க சிரமப்பட வேண்டாம்.

#9 நூல்கண்டு

ரெஸ்டிக் வழியில் போகிறேன். மூன்றுக்கும் ஒரே ரெப்போவா (பேக்கப் கிடங்கா), தனித்தனியா? முதல் பேக்கப் எவ்வளவு நேரம் ஆகும்?

#10 ஆலமரத்தடி

தனித்தனி. ஒரே ரெப்போன்னா பொதுவான கோப்புகளுக்கு இடம் மிச்சமாகும், ஆனா கடவுச்சொல் தெரிஞ்ச எந்தக் கணினியும் மத்த ரெண்டோட தரவையும் படிக்கலாம். ரெஸ்ட்-சர்வர்ல பிரைவேட்-ரெப்போஸ் போட்டு ஆளுக்கொரு பயனர் பெயர் கொடுங்க.

நேரத்துக்கு, பதிவிறக்க வேகத்தைப் பார்க்காதீங்க. அனுப்பற பக்கத்தோட அப்லோட்தான் கணக்கு. 10 எம்பிபிஎஸ் அப்லோட்ல 250 ஜிபி: 250ஐ 8,000 ஆல பெருக்கி 10 ஆல வகுத்தா 2,00,000 வினாடி, ஏறக்குறைய 56 மணி நேரம். அதுவும் வேற யாரும் அந்த இணைப்பத் தொடாம இருந்தா. அதுக்கப்புறம் தினசரி 2 ஜிபி மாறினா அரை மணிக்குள்ள முடிஞ்சிடும். நடுவுல அறுந்தா பயப்பட வேண்டாம், மறுபடி ஓட்டினா கோப்புகள திரும்பப் படிக்கும், ஆனா போய்ச் சேர்ந்து பதிவான துண்டுகளத் திரும்ப அனுப்பாது.

அந்த இடத்துக்கு எப்படியும் ஒரு தடவை போக முடியும்னா, யூஎஸ்பி டிஸ்க்குல முதல் பேக்கப்ப அங்கேயே எடுத்து, அந்த ரெப்போ ஃபோல்டர லேப்டாப்புல அந்தப் பயனர் பெயருக்குக் கீழ நகல் எடுத்துப் போடுங்க. ரெப்போ எங்க இருக்குன்னு ரெஸ்டிக் கவலைப்படாது. கணினிப் பெயரும் மூலப் பாதையும் மாறாம இருந்தா, அடுத்த பேக்கப் குழாய் வழியா வரும்போது அதையே முந்தினதா எடுத்துக்கிட்டு மாறினத மட்டும் அனுப்பும்.

பகல்ல ஓட்டினா லிமிட்-அப்லோட் போடுங்க. அலகு வினாடிக்கு கேஐபி. 10 எம்பிபிஎஸ்னா ஏறக்குறைய 1,220 வரும், 900 வச்சா மத்தவங்களுக்கும் இணைப்பு மூச்சு விடும்.

#11 வெள்ளிமீன்

லேப்டாப்பை சர்வராக வைப்பதில் சில விஷயங்கள் விட்டுப்போகின்றன.

மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும். லாகின்டி கான்ஃபிக்கில் ஹேண்டில் லிட் ஸ்விட்ச் வரியை இக்னோர் என்று மாற்றி, மறுதொடக்கம் செய்யுங்கள். முடிந்தால் ஈத்தர்நெட் கேபிள். நாள் முழுக்க சார்ஜரில் இருப்பதால், பயாஸில் வசதி இருந்தால் பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். மின்சாரம் போனால் லேப்டாப் தாங்கும், ரவுட்டர் தாங்காது. ரவுட்டருக்கும் ஒரு யூபிஎஸ் இல்லாவிட்டால் லேப்டாப்பின் பேட்டரியால் பேக்கப்புக்குப் பயனில்லை.

யூஎஸ்பி டிஸ்க்கை இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது, எழுதும்போது கேபிள் கழன்றால் சேதம் பெரிதாகும். எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்க்கின் யூயூஐடியால் (அடையாள எண்ணால்) மவுண்ட் செய்து, நோஃபெயில் சேர்த்துவிடுங்கள், இல்லையேல் டிஸ்க் செருகாத நாளில் லேப்டாப் பூட் ஆகாமல் நிற்கும்.

ஆர்சிங்க் முறைக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டாலும் அந்த ஃபோல்டர் பெயர் காலியாக அங்கேயே இருக்கும். ஆர்சிங்க் அதற்குள் எழுதும், அதாவது லேப்டாப்பின் உள் டிஸ்க்கில். இரண்டு இரவில் அது நிரம்பி லேப்டாப்பே திணறும். டிஸ்க் கழற்றியிருக்கும்போது அந்தக் காலி ஃபோல்டருக்கு சிஎச்ஆட்டர் ப்ளஸ் ஐ (மாற்றத்தைத் தடுக்கும் கட்டளை) போட்டுவிட்டால் மவுண்ட் இல்லாதபோது யாராலும் எழுத முடியாது. ரெஸ்டிக்கில் ரெப்போவே இல்லை என்று பிழை வந்து நின்றுவிடும், அந்த வகையில் அது நல்லது.

ரெஸ்ட்-சர்வரை எல்லா முகவரியிலும் கேட்கவிடாமல், விபிஎன் முகவரியின் 8000 போர்ட்டில் மட்டும் வையுங்கள். அப்போது சர்வீஸ் ஃபைலில் வயர்கார்டு எழுந்த பிறகே இது தொடங்க வேண்டும் என்று ஆஃப்டர் வரி சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த முகவரி இன்னும் பிறக்காத நேரத்தில் தொடங்கப் பார்த்துத் தோற்றுப்போகும்.

#12 நூல்கண்டு

விபிஎஸ் வழியில் வயர்கார்டு போட்டாயிற்று. எல்லாம் ஒன்றுக்கொன்று பிங் ஆகிறது. உபுண்டு கணினியும் சின்ன விண்டோஸ் கணினியும் சரியாக அனுப்புகின்றன. பெரிய கணினி மட்டும் சிக்கல்: ரெஸ்டிக் சர்வரோடு இணைகிறது, பிறகு 0 பைட்டிலேயே நிற்கிறது. எஸ்எஸ்எச்சும் சில நேரம் உள்ளே போய் உறைந்துவிடுகிறது. வயர்கார்டின் கடைசி ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் சாவி பரிமாறிக்கொள்வது) இரண்டு நிமிடத்துக்குள் இருக்கிறது.

#13 கம்பித்தடம்

ஹேண்ட்ஷேக் வருகிறது, பிங் போகிறது, பெரிய பாக்கெட் மட்டும் போகவில்லை என்றால் அநேகமாக எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) தான். அந்த இடத்தில் இணைப்பு பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் முறை) ஆக இருந்து, விபிஎஸ்ஸை ஐபிவி6 முகவரியில் தொடுகிறதா என்று பாருங்கள்.

கணக்கு இதுதான். வயர்கார்டு இயல்பாக 1420 எடுத்துக்கொள்கிறது. அதன் மேல் ஐபிவி4 என்றால் 60 பைட், ஐபிவி6 என்றால் 80 பைட் உறை ஏறும். 1420உம் 80உம் 1500, சாதாரண ஈத்தர்நெட்டுக்கு மயிரிழையில் பொருந்தும். பிபிபிஓஇ 8 பைட்டைத் தான் எடுத்துக்கொண்டு 1492 மட்டும் விடுகிறது. முழு அளவுப் பாக்கெட் ஒவ்வொன்றும் 8 பைட் மிகுந்து வழியில் விழுகிறது. பிங் 100 பைட்டுக்குள் அடங்குவதால் அது பிழைத்துக்கொள்கிறது.

சோதிக்க: அந்த விண்டோஸிலிருந்து லேப்டாப்பின் விபிஎன் முகவரிக்குத் துண்டாக்காதே என்ற எஃப் ஆப்ஷனோடு, எல் ஆப்ஷனில் 1392 அளவு கொடுத்துப் பிங் செய்யுங்கள். 1392உடன் தலைப்பு 28 சேர்ந்தால் 1420. பதில் வராவிட்டால் 1384, அதுவும் வராவிட்டால் 1352 என்று இறங்குங்கள். போகும் பெரிய எண்ணோடு 28 கூட்டினால் கிடைப்பதே உங்கள் எம்டியூ. அதை அந்தக் கணினியின் இன்டர்ஃபேஸ் பகுதியில் எழுதுங்கள். அளக்கப் பொறுமை இல்லாவிட்டால் 1280 போடுங்கள், வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

#14 நூல்கண்டு

1392 போகவில்லை, 1384 போகிறது. எம்டியூ 1412 வைத்ததும் ஓடத் தொடங்கிவிட்டது. ஐபிவி6 தான், பிபிபிஓஇ தான்.

அடுத்தது: கையால் ஓட்டினால் நன்றாக ஓடும் ஸ்கிரிப்ட் டாஸ்க் ஷெட்யூலரில் ஓடவில்லை. கடைசி முடிவு 1 என்று காட்டுகிறது. ஒரு கணினியில் 3 என்று வருகிறது.

#15 நடுநிசி

1 என்றால் தோல்வி. 3 தோல்வி அல்ல: ஸ்நாப்ஷாட் (அந்த நேரத்துப் பேக்கப் பிரதி) உருவாகிவிட்டது, ஆனால் சில கோப்புகளைப் படிக்க முடியவில்லை. எவை என்று லாகில் பாருங்கள். விஎஸ்எஸ் ஆப்ஷன் விட்டுப்போன கணினியாக இருக்கலாம். 3ஐக் கண்டுகொள்ளாமல் விட்டால், உங்களுக்கு மிக வேண்டிய திறந்த கோப்புதான் மாதக்கணக்கில் விடுபட்டிருக்கும்.

1க்கு வரிசையாகப் பாருங்கள். சிஸ்டம் கணக்கில் ஓட்டினால் உங்கள் பாத் அமைப்பும் (நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சூழல் மாறிகளும் அதற்குத் தெரியாது. ரெஸ்டிக்கின் முழுப் பாதை, ரெப்போ முகவரி, கடவுச்சொல் கோப்பின் பாதை மூன்றையும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதுங்கள். அந்தக் கடவுச்சொல் கோப்பைப் படிக்க சிஸ்டத்துக்கும் நிர்வாகிக்கும் மட்டும் உரிமை. பயனர் லாகின் ஆனாலும் ஆகாவிட்டாலும் ஓடு, மிக உயர்ந்த உரிமையோடு ஓடு, இரண்டையும் டிக் செய்யுங்கள்.

கண்டிஷன்ஸ் தாவலில் ஏசி மின்சாரத்தில் இருந்தால் மட்டும் தொடங்கு என்பது இயல்பாகவே டிக் ஆகியிருக்கும். மூலக் கணினியும் லேப்டாப் என்றால் அதை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் கணினியை எழுப்பி ஓட்டு என்பதை டிக் செய்யுங்கள். செட்டிங்ஸில் நேரம் தவறினால் முடிந்தவுடன் ஓட்டு என்பதையும்.

வயர்கார்டின் விண்டோஸ் பதிப்பு டனலை ஒரு சர்வீஸாக ஓட்டுவதால் யாரும் லாகின் ஆகாதபோதும் குழாய் இருக்கும். டெயில்ஸ்கேல் வழியில் போகிறவர்கள் அன்அட்டெண்டட் நிலையை இயக்க வேண்டும், இல்லையேல் பயனர் வெளியேறியதும் இணைப்பும் வெளியேறிவிடும்.

#16 நூல்கண்டு

பாத் தான் காரணம். இப்போது மூன்றும் இரவு 1, 2, 4 மணிக்கு ஓடுகின்றன. பழையவற்றைக் கழிப்பது எப்படி? 2 டிபி எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை.

#17 ஆலமரத்தடி

லேப்டாப்புல, சர்வர் வழியா இல்லாம ரெப்போ ஃபோல்டர நேரடியாத் தொட்டு ஃபர்கெட் (பழைய ஸ்நாப்ஷாட்டக் கழிக்கற ரெஸ்டிக் கட்டளை) ஓட்டுங்க. சர்வர் ஓடற அதே பயனர் கணக்குல ஓட்டுங்க, ரூட்ல ஓட்டினா புதுக் கோப்புகளோட உரிமை மாறி அடுத்த ராத்திரி சர்வர் படிக்க முடியாம நிக்கும். நாள் 7, வாரம் 4, மாதம் 6 போதும். கூடவே, இனித் தேவைப்படாத தரவை அழிக்கற ப்ரூன். இது நடக்கற நேரம் பேக்கப் நேரத்தோட மோதக்கூடாது, ப்ரூன் ரெப்போவப் பூட்டி வைக்கும்.

இத டைமர்ல போடாதீங்க, மாசம் ஒரு தடவை கையால. ஓட்டறதுக்கு முன்னாடி ஸ்நாப்ஷாட் பட்டியலக் கண்ணால பாருங்க. அப்பெண்ட்-ஒன்லியில அழிக்க முடியாதே தவிர, கணினிக்குள்ள புகுந்தவன் குப்பை ஸ்நாப்ஷாட்ட எத்தனை வேணாலும் சேர்க்க முடியும், வருங்காலத் தேதி போட்டும் சேர்க்கலாம். உங்க ஃபர்கெட் அதையெல்லாம் வச்சுக்கிட்டு நல்லதக் கழிச்சிடும். தேதி விநோதமா இருக்கா, அளவு திடீர்னு ஏறியிருக்கா, அது மட்டும் பாருங்க.

அதே நாள் செக் கட்டளைய ரீட்-டேட்டா-சப்செட்டோட ஓட்டுங்க. முதல் மாசம் 1/10, அடுத்த மாசம் 2/10னு போனா பத்து மாசத்துல டிஸ்க்குல இருக்கற ஒவ்வொரு துண்டும் ஒரு தடவை படிக்கப்பட்டிருக்கும். வெறும் செக் அமைப்ப மட்டும்தான் பார்க்கும், தரவுத் துண்டுகளைத் திறந்து படிக்காது.

மூணு ரெப்போவோட கடவுச்சொல்லையும் காகிதத்துல எழுதி, லேப்டாப்பும் கணினிகளும் இல்லாத இடத்துல வைங்க. மூலக் கணினி எரிஞ்சு, கடவுச்சொல் அதுக்குள்ளேயே இருந்துச்சுன்னா ரெப்போவ யாராலயும் திறக்க முடியாது.

#18 வெள்ளிமீன்

இன்னொரு 2 டிபி டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை ரெப்போக்களை அதில் நகல் எடுத்துக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். இப்போது உங்களிடம் மூலம் ஒன்று, பேக்கப் ஒன்று. லேப்டாப் கீழே விழுந்தால் அந்தப் பேக்கப்பும் அதோடு போகும்.

#19 நடுநிசி

மீட்டுப் பார்த்தீர்களா? ஒரு கோப்பை அல்ல. விண்டோஸ் கணினியின் ஒரு முழு ஃபோல்டரை லேப்டாப்பில் வேறு இடத்துக்கு ரீஸ்டோர் செய்து, ஒரு பிஎஸ்டியை அவுட்லுக்கில் திறந்து, மைஎஸ்க்யூஎல் டம்பைக் காலித் தரவுத்தளம் ஒன்றில் ஏற்றி வரிசைகளை எண்ணுங்கள். 250 ஜிபியைக் குழாய் வழியாகத் திருப்பி அனுப்ப லேப்டாப் பக்கத்தின் அப்லோட் எத்தனை மணி நேரம் எடுக்கும் என்பதையும் இப்போதே கணக்கிட்டு வையுங்கள். அவசரத்தில் டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு போவதே வேகமாக இருக்கலாம்.

#20 நூல்கண்டு

டம்ப் ஏறியது, வரிசைகள் மூலத்தோடு பொருந்துகின்றன. பிஎஸ்டி திறந்தது. ஆனால் சின்ன விண்டோஸ் கணினியில் டெஸ்க்டாப் ஃபோல்டரே பேக்கப்பில் இல்லை. அங்கே அது ஒன்டிரைவுக்குள் நகர்த்தப்பட்டிருக்கிறது, நான் கொடுத்தது பழைய பாதை. பாதையைத் திருத்திவிட்டேன், இன்று இரவு 2 மணிக்கு மறுபடி ஓடும்.

#21 நடுநிசி

அந்தக் கோப்புகளில் பச்சை டிக் இருக்கிறதா, மேகக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். மேகக் குறி என்றால் கோப்பு அந்தக் கணினியில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஃபோல்டரில் வலது கிளிக் செய்து, எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு என்று கொடுத்து, எல்லாம் இறங்கி முடிந்த பிறகு பேக்கப்பை ஓட்டுங்கள்.